அமலி தூங்கும் வரை நின்ற தீ

மாசி மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், பகல் இரண்டே கால் மணிக்கு, கொம்பைமேட்டுச் சரிவில் எங்கள் ஊரை நோக்கி ஏறி வந்துகொண்டிருந்த காட்டுத்தீ, எட்டு மாதக் குழந்தையான என் மகள் அமலி என் தோளில் தூங்கிப்போனதும், வந்த இடத்திலேயே நின்றது. அணையவில்லை, நின்றது. மூன்று ஆள் உயரத்துக்கு எரிந்துகொண்டு, அனலடித்துக்கொண்டு, முன்னால் ஆளுயரம் வளர்ந்து நின்ற போதைப்புல்லின் ஒரு தாளைக்கூடத் தொடாமல், வாசல் வரை வந்துவிட்டு உள்ளே கூப்பிடுவார்களா என்று பார்க்கிற உறவுக்காரரைப் போல நின்றது.

எங்கள் ஊர் சரிவின் தலையில் இருக்கிறது. எழுபது வீடு, ஒரு மாதா கோயில், ஒரு காளியம்மன் கோயில், ஐந்தாவது வரை ஒரு பள்ளிக்கூடம், சுற்றிலும் காப்பியும் மிளகும், கீழே பள்ளத்தாக்கு வரை புல். இந்த இடத்தில் ஊர் வைத்ததுதான் தப்பு என்று தீக்காவலர்களின் மேஸ்திரி சடையாண்டி அண்ணன் சொல்லுவார். தீ மலையிறங்க யோசிக்கும், மலையேற யோசிக்காது. ஏறும்போது அதன் சூடு முன்னால் போய் மேலே இருக்கிற புல்லைக் காயவைத்துவிடும், பிறகு தீ வந்து காய்ந்ததைத் தின்னும், பகலில் பள்ளத்தாக்குக் காற்றும் மேல்நோக்கி அடிக்கும், அப்போது ஓடுகிற தீயை ஓடுகிற ஆள் ஜெயித்ததாகக் கதையே கிடையாது. அவருக்கு நாற்பத்தைந்து வயது இருக்கும். தீக்காவலன் பீடி பிடிக்கக் கூடாது என்று தனக்குத் தானே சட்டம் போட்டுக்கொண்டு, பதினாறு வருடமாகப் பீடிக்குப் பதில் புளியங்கொட்டையை வாயில் போட்டு உருட்டுகிறவர். அவருக்குக் கீழே ஏழு பேர், கோடைக்கு மட்டும் வனத்துறை வேலைக்கு எடுக்கிற ஆட்கள். ஏழு பேரில் ஒருவர் என் வீட்டுக்காரர் லூர்துராஜ்.

காலையில் காட்டுக்குள் இறங்கும் முன் சடையாண்டி அண்ணன் ஏழு பேரையும் நிறுத்தி நாலு கேள்வி கேட்பார். பார்க்கிறது யாரு, சொல்றது எப்படி, ஓடுறது எந்த வழி, போய் நிக்கிறது எந்த இடம். ஏழு பேரும் ஏழு தரம் பதில் சொல்ல வேண்டும். பாறை மேலே நின்று தீயைப் பார்க்கிறவர் இன்னார், விசில் மூன்று தரம் என்றால் போட்டதைப் போட்டபடி ஓட வேண்டும், ஓடுவது இந்தத் தடத்தில், போய் நிற்பது ஏற்கெனவே எரிந்து கருப்பான நிலத்தில். எரிந்தது இன்னொரு தரம் எரியாது. எனக்கு இதைக் கேட்கும்போது கான்வெண்ட்டில் காலை ஜெபம் சொன்ன ஞாபகம் வரும். அங்கே எங்களுக்கும் தீப்பயிற்சி உண்டு. மணியடித்தால் உயர வரிசையில் நிற்க வேண்டும், ஓடக் கூடாது, ஷூ லேஸ் அவிழ்ந்திருக்கக் கூடாது. நான் நாலாவது ஆளாக நிற்பேன்.

அந்தச் செவ்வாய்க்கிழமை நான் உயர வரிசையில் நிற்கவில்லை. ஏழு பேரும் பச்சைக்கிளை ஒடித்துத் தீயின் ஓரத்தை அடித்துக்கொண்டிருக்க, தீயின் தலை அவர்களைத் தாண்டி மேலே ஏற, விசில் மூன்று தரம் கேட்க, நான் அமலியையும் துணிப்பையையும் எடுத்துக்கொண்டு, போன வாரம் எரிந்துபோன மேற்குக் கருப்பு நிலத்தைப் பார்த்து எல்லோரோடும் நடந்தேன். அமலி அழுதாள். தட்டிக்கொடுத்தேன். காட்டுத்தீக்குச் சத்தம் உண்டு, பாரம் ஏற்றின லாரி முதல் கியரில் மேடேறுவது போல ஒரு சத்தம். அமலியின் தலை என் தோளில் சரிந்தது. லாரி நின்றது.

யாரும் முழங்கால் போட்டுக் கும்பிடவில்லை. கொஞ்ச நேரம் பார்த்தோம், பிறகு கால் சுட்டதால் வீட்டுக்குத் திரும்பினோம்.

நாலு மணிக்கு அமலி பாலுக்கு எழுந்தாள், தீ முப்பது அடி ஏறி ராசப்பனின் ஆட்டுப்பட்டியைத் தின்றது. பால் குடித்துத் தூங்கினாள், தீ நின்றது. ஏழே முக்காலுக்கு எழுந்தாள், தீ பதினைந்து அடி ஏறியது. இதை முதலில் கண்டுபிடித்தவர் சடையாண்டி அண்ணன்தான், ஏனென்றால் அரைமணிக்கு ஒரு தரம் காற்றின் திசையையும் தீயின் இடத்தையும் ஒரு நாற்பது பக்க நோட்டில் எழுதி வைப்பது அவர் வழக்கம். மறுநாள் காலை அந்த நோட்டோடு வீடு வீடாகப் போய், நேத்து இத்தனை மணிக்கு உங்க வீட்டுல என்ன நடந்துச்சு என்று கேட்டுக்கொண்டே வந்தார். எங்கள் வீட்டில் அது நடந்திருந்தது.

"பாப்பா எத்தனை மணிக்குப் பால் குடிச்சுச்சு, தங்கச்சி?"

சொன்னேன். நோட்டைப் பார்த்தார். வாயிலிருந்த புளியங்கொட்டை ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போனது.

"சரி. தூங்கட்டும்," என்றார்.

அவ்வளவுதான் பேச்சு. அன்று மத்தியானத்துக்குள் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, யாரும் ஏன் என்று கேட்கவில்லை, எப்படித் தூங்கவைப்பது என்றுதான் கேட்டார்கள். காளியம்மன் கோயில் ஒலிபெருக்கியின் ஒயரைப் பிடுங்கினார்கள். மாதா கோயில் மணியின் நாக்கில் பழைய போர்வையைச் சுற்றினார்கள். சேவல்களைக் கூடையில் போட்டு ஜீப்பில் ஏற்றி, கீழே சமவெளியில் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு அனுப்பிவைத்தார்கள். மதிய பஸ் டிரைவர் கொண்டையூசி வளைவிலேயே எஞ்சினை அணைத்து, வண்டியைச் சத்தமில்லாமல் உருட்டிக்கொண்டு வந்து சேர்த்தார். பள்ளிக்கூடத்தில் வாத்தியார் எல்லாப் பாடத்தையும் கரும்பலகையில் எழுதியே நடத்தினார், பிள்ளைகள் வாயசைத்து வாய்ப்பாடு ஒப்பித்தார்கள், நாலாவது நாள் ஒரு கல்யாணம் மேளமில்லாமல் நடந்து, தாலி கட்டும்போது எல்லோரும் கெட்டிமேளத்துக்குப் பதிலாகக் கையை உயரத் தூக்கி ஆட்டினார்கள்.

தீக்காவலர்கள் தங்கள் வேலையைச் செய்து பார்த்தார்கள். பச்சைக்கிளையால் அடித்தால் கிளை வாடவில்லை, தீயும் குறையவில்லை. தண்ணீர் ஊற்றினால் ஆவி எழுந்தது, தீ இருந்தது. எதிர்த்தீ வைப்போம் என்று, அதாவது வருகிற தீக்குத் தின்ன ஒன்றும் மிச்சமில்லாமல் முன்னால் இருக்கிற புல்லை நாமே கொளுத்திவிடுவோம் என்று ஓரிடத்தில் பந்தத்தைக் காட்டினால், அந்தச் சின்னத் தீயும் அகல்விளக்குப் போல அதே இடத்தில் நின்றது. அமலி தூங்குகிற வரைக்கும் அந்தச் சரிவில் எந்தத் தீயும் எதையும் தின்னாது. தின்னாத தீயைப் பட்டினி போட முடியாது என்று சொல்லிவிட்டு சடையாண்டி அண்ணன் நோட்டை மூடினார்.

ரேஞ்சர் சார் வந்து பார்த்தார். அவருடைய படிவத்தில் பரவுகிறது என்று ஒரு கட்டம், அணைக்கப்பட்டது என்று ஒரு கட்டம், கட்டுப்பாட்டில் உள்ளது என்று ஒரு கட்டம். மூன்றாவதில் குறி போட்டார். போகும்போது ஷூவைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு எங்கள் வீட்டைக் கடந்து போனார்.

பிறகு ஊர் பழகிவிட்டது. முதலில் ஈரத்துணியைத் தீக்கு முன்னால் காயப்போட்டது என் நாத்தனார் தவமணிதான், என் வீட்டுக்காரரின் அக்கா, அடுத்த வீடு. அதைப் பார்த்து மற்றவர்கள் மிளகைப் பரப்பினார்கள், காப்பிக்கொட்டையைப் பரப்பினார்கள், மிளகாய் பரப்பினார்கள், விறகு அடுக்கினார்கள், மழைக்காலத்துக்குக் கூரைக்கு வேண்டிய புல்லைக் கட்டுக்கட்டாகக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அண்டாவில் தண்ணீரை வைத்துக் கிழவர்கள் வரிசையாகக் குளித்தார்கள். தீயும் ஊரில் ஒரு ஆள் ஆகிவிட்டது, நிக்கிறவர் என்று அதற்குப் பேரும் வந்தது. நிக்கிறவர் பக்கத்துல கொண்டுபோய் வை, சீக்கிரம் காஞ்சிடும்.

அமலிக்கு மட்டும் முறை போட்டார்கள். ஆளுக்கு ஒரு மணி நேரம், எழுபது வீட்டுப் பெண்களும் வந்து தொட்டில் ஆட்டினார்கள். எனக்கு முறை வரவில்லை. நான் பால் கொடுக்க மட்டும். தூக்கத்திலேயே குடிக்கப் பழக்கினார்கள், பழகிவிட்டாள். முதலில் நாளைக்கு நாலு தரம் எழுந்தவள் மூன்று தரம் எழுந்தாள், பிறகு இரண்டு, பிறகு ஒரு தரம், ஒன்பதாவது நாளிலிருந்து அமலி எழவே இல்லை. அன்றைக்கு ஊரில் எல்லார் வீட்டிலும் பாயசம் வைத்தார்கள். எனக்கும் ஒரு தூக்கு வந்தது, ஏலக்காய் அதிகமாகப் போட்டிருந்தார்கள், குடித்தேன்.

பதினோராவது நாள் கிராம செவிலியர் ஷகிலா அக்கா தராசோடு வந்தார். அமலி ஏழு கிலோ நானூறு கிராம் இருந்தவள். தராசு ஏழு கிலோ நூறு காட்டியது.

"பால் குடிக்கிறாளா?"

"குடிக்கிறா."

"முழுசா?"

"வாயசைக்கிறா அக்கா. முழுங்குறது கொஞ்சம்தான்."

பதினாலாவது நாள் ஆறு கிலோ எண்ணூறு. ஷகிலா அக்கா அந்த எண்ணைத் தன் உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டு, கையை மூடினார். "எழுப்பணும் ஜெசிந்தா," என்று என் காதுக்குள் சொன்னார். தொட்டில் ஆட்டிக்கொண்டிருந்தவள் எங்களைப் பார்த்தாள். நாங்கள் இருவரும் தராசைப் பார்த்தோம்.

எனக்கு அழுகை வரவில்லை. பயம் என்றால் நெஞ்சு அடித்துக்கொள்ளும் என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கை மரத்துப்போனால் கை இருக்கிறது என்று தெரியும், தொட்டால் தெரியாது, அப்படித்தான் இருந்தது. என் வீட்டுக்காரர் சாப்பிட வந்தபோது சோற்றைப் போட்டுவிட்டு எண்ணைச் சொன்னேன். அவர் சாப்பிடாமல் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மழைக்கு இன்னும் நாற்பது நாள் இருக்கு," என்றார்.

"ஒரு நாளைக்கு நூறு கிராம் போகுதுங்க."

அவர் கணக்கில் கெட்டிக்காரர். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது.

நான் சடையாண்டி அண்ணனைத் தேடிப் பாறைக்குப் போனேன். எழுப்பலாமா என்று கேட்கவில்லை, அப்படிக் கேட்டால் வேண்டாம் என்று பதில் வரும் என்று தெரியும். "இந்தத் தீ எந்திரிக்கணும்னா, எத்தனை மணிக்கு எந்திரிச்சா உங்களுக்கு நல்லது?" என்று கேட்டேன்.

அவர் என்னை முதல் தடவையாகப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"விடியக்காலம் அஞ்சு மணி," என்றார். "பகல்ல காத்து மேல ஏறும், விடியக்காலம் குளுந்த காத்து கீழ இறங்கும், புல்லுல பனி இருக்கும், தீ படுத்தாப்புல இருக்கும். அந்த நேரத்துல மேலேருந்து நாம எதிர்த்தீ வெச்சா, அது கீழ்க்காத்தோட இறங்கிப் போயி இதோட மோதும். ரெண்டுக்கும் தின்ன ஒண்ணும் இருக்காது." பாறையில் விரலால் ஒரு கோடு இழுத்தார். "அதுக்கு முன்னாடி ஊருக்கும் தீக்கும் நடுவுல குறுக்க பன்னெண்டடி அகலத்துக்குப் புல்லு வேரோட செதுக்கிக் கோடு போடணும். கிழக்கு முனை ஓடையில முடியணும், மேற்கு முனை கருப்புல முடியணும். முனை திறந்து கிடந்தா தீ சுத்தி வந்து நம்ம முதுகுல ஏறும். நாலு நாள் வேலை."

"செய்வீங்களா?"

"ஊரு சொன்னாச் செய்வேன்."

ஊர்க்கூட்டம் பள்ளிக்கூடத்தில் நடந்தது, சிலேட்டில். பேசக் கூடாது என்பதால் ஆளுக்கு ஒரு பிள்ளையின் சிலேட்டை வாங்கி எழுதிக் காட்டினார்கள், எழுதத் தெரியாதவர்களுக்கு வாத்தியார் எழுதினார். வார்டு உறுப்பினர் பிச்சைமுத்து, மழை வரை பொறுக்கவும் என்று எழுதினார். ராசப்பன், என் பட்டி போச்சு, வீடும் போகணுமா என்று எழுதினார். யாரோ, மிளகு இன்னும் காயல என்று எழுத, பின்னால் இருந்தவர்கள் சத்தமில்லாமல் சிரித்தார்கள். ஷகிலா அக்கா 6.8 என்று பெரிதாக எழுதி எல்லோருக்கும் காட்டிக்கொண்டு அறையைச் சுற்றி நடந்தார். பார்த்தார்கள். தலையாட்டினார்கள். பிறகு தங்கள் சிலேட்டைப் பார்த்துக் குனிந்துகொண்டார்கள்.

தவமணி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து கிசுகிசுத்தாள். "ஏ கான்வெண்டு. எழுபது வீட்டைக் கொளுத்திட்டுத்தான் உன் பிள்ளை பால் குடிக்கணுமா?"

"ஆமா மதினி," என்றேன்.

அவள் என் வாயைப் பார்த்தாள். அப்படி ஒரு பதிலை அவளும் எதிர்பார்க்கவில்லை, நானும் எதிர்பார்க்கவில்லை.

சடையாண்டி அண்ணன் எழுதவில்லை. பதினாலு நாளாக அந்த அறையில் கேட்காத ஒரு காரியத்தைச் செய்தார், வாயைத் திறந்து பேசினார், மெதுவாகத்தான். "இந்தப் பிள்ளை என்னிக்காவது ஒரு நாள் தானா முழிக்கும். இல்லேன்னா முழிக்காமலே போயிரும். ரெண்டுல எது நடந்தாலும் நிக்கிறவரு கிளம்பிருவாரு. அது பங்குனி வெயில்ல மத்தியானம் ரெண்டு மணிக்கு நடந்துச்சுன்னு வையுங்க, ஊரு பத்து நிமிசம் தாங்காது. நாம எழுப்புனா நாம சொல்ற நேரத்துக்குக் கிளம்புவாரு."

அதற்குப் பிறகு ஒவ்வொரு சிலேட்டிலும் சரி என்று வந்தது. ஷகிலா அக்காவின் எண்ணுக்கு வராத சரி, காற்றுக்கு வந்தது. எனக்கு அதில் வருத்தமில்லை, சரி என்பது சரிதான்.

நாலு நாளும் ஊரே கோடு செதுக்கியது. மண்வெட்டியின் சத்தம் கேட்கக் கூடாது என்று கையாலும் சின்னக் களைக்கொத்தாலும் செதுக்கினார்கள். மிளகையும் விறகையும் கூரைப்புல்லையும் தீக்கு முன்னாலிருந்து எடுக்கச் சொன்னபோதுதான் எவ்வளவு சேர்த்து வைத்திருக்கிறோம் என்பது தெரிந்தது, ஊர் தன் கையாலேயே தீக்கு இலை போட்டுப் பரிமாறி வைத்திருந்தது. எடுத்து மாளவில்லை. பிச்சைமுத்து தன் கூரைப்புல்லில் பாதியை விட்டுவிட்டார், அது மேற்கு முனைக்குக் கொஞ்சம் கீழே, என் வீட்டுக்காரர் நிற்க வேண்டிய இடத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

பத்தொன்பதாவது நாள் விடியக்காலை ஏழு பேரும் கோட்டின் கீழ் ஓரத்தில் பத்துக் கஜத்துக்கு ஒரு ஆளாகப் பந்தத்தோடு நின்றார்கள். பருத்திச் சட்டைதான் போட வேண்டும், நைலான் உடம்போடு ஒட்டிக்கொள்ளும். தோளில் ஈரத்துண்டு, இடுப்பில் அரிவாள். சடையாண்டி அண்ணன் பாறை மேலே. நாலு கேள்வியும் கேட்டு ஏழு பேரும் பதில் சொல்லியாகிவிட்டது. நான் கோட்டுக்கு மேலே மண்மேட்டில் அமலியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், பக்கத்தில் ஷகிலா அக்கா, பின்னால் பெண்கள் எல்லோரும்.

அதற்கு முன் சடையாண்டி அண்ணன் என்னிடம் ஒன்று சொல்லியிருந்தார். "முழுசா முழிக்கணும் தங்கச்சி. அரைத்தூக்கம் கூடாது. ஓடுற தீயைக் கணக்குப் பண்ணலாம், நிக்கிற தீயையும் பண்ணலாம். நின்னு நின்னு ஓடுற தீதான் ஆளைக் கொல்லும்."

ஷகிலா அக்கா அமலியின் உள்ளங்காலைச் சுண்டினார். ஈரத்துணியால் முகத்தைத் துடைத்தார். மறுபடி சுண்டினார். அமலி கண்ணைத் திறந்தாள். அழவில்லை. பத்து நாளுக்கு அப்புறம் என்னைப் பார்த்தாள், யார் என்று யோசிப்பது போல.

லாரி முதல் கியர் போட்டது.

ஏழு பந்தமும் ஒரே நேரத்தில் புல்லைத் தொட்டன. எதிர்த்தீ பிடித்து, கீழ்க்காற்றோடு சரிவில் இறங்க ஆரம்பித்தது. கீழே நின்ற பெரிய தீ பத்தொன்பது நாள் பசியோடு கிளம்பியது, ஆனால் காற்று அதற்கு எதிர், புல்லில் பனி, சடையாண்டி அண்ணன் சொன்ன மாதிரி படுத்துக்கொண்டுதான் வந்தது. அமலியின் கண் சொருகியது. இரண்டு தீயும் நின்றன. ஷகிலா அக்கா சுண்டினார், கண் திறந்தது, இரண்டும் ஓடின. மறுபடி சொருகியது. மேற்கு முனையில் எதிர்த்தீ ஓரிடத்தில் பிடிக்காமல் அணைந்துபோயிருக்க, என் வீட்டுக்காரர் தீ நின்ற நேரத்தைப் பார்த்துப் பந்தத்தோடு கோட்டைத் தாண்டிக் கீழே இறங்கினார். அமலி கண்ணைத் திறந்தாள். பிச்சைமுத்துவின் கூரைப்புல் ஒரே மூச்சில் எரிந்தது. புகை கருப்பாகக் கிளம்பி மேற்கு முனையை மூடியது.

விசில் மூன்று தரம் கேட்டது. பிறகு சடையாண்டி அண்ணன் பாறையிலிருந்து பேரைக் கூப்பிட்டார், ஒவ்வொரு பேராக. ஆறு குரல் வந்தது. ஆறும் கம்மலாக வந்தது, சத்தம் போட்டு நாளானதால். லூர்துராஜ் என்று கூப்பிட்டார். லூர்துராஜ் என்று இன்னொரு தரம் கூப்பிட்டார்.

தவமணி என் தோளைப் பிடித்தாள். "தூங்க வையி. ஏ ஜெசிந்தா, பிள்ளையத் தூங்க வையி, தீ நிக்கட்டும், தம்பியத் தேடணும்." என் பேரை அவள் சொல்லி அன்றுதான் கேட்டேன். பின்னால் பெண்கள் தாலாட்டத் தொடங்கிவிட்டார்கள், முறைபோட்டுப் பத்தொன்பது நாள் தாலாட்டிய எழுபது வீட்டுக் குரலும் ஒன்றாகச் சேர்ந்து எழுந்தது, ஊரிடம் மிச்சமிருந்த ஒரே சத்தம் அதுதான், நன்றாக இருந்தது. அமலியின் இமை இறங்கியது. அவள் உடம்பு என் மடியில் கனத்தது, ஆறு கிலோ நானூறுதான், ஆனாலும் கனத்தது.

தூங்கினால் தீ நிற்கும். நின்றால் போய்த் தேடலாம். தூங்கினால் யார் எழுப்புவது. எல்லாம் தெளிவாகத் தெரிந்தது, கரும்பலகையில் எழுதிப்போட்டது போல. அதில் எந்த வரியிலும் எனக்கு வலிக்கவில்லை.

அமலியின் தொடையைக் கிள்ளினேன். நகம் பதியக் கிள்ளினேன். அவள் வாய் கோணியது, சத்தம் வரவில்லை. மறுபடி கிள்ளினேன். தவமணி என் கையைத் தட்டிவிட்டாள், மறு கையால் மூன்றாவது தரம் கிள்ளினேன்.

அமலி அழுதாள். பத்தொன்பது நாளாக யாரும் அழாத அளவுக்கு அழுதாள், முகம் சிவக்க, முதுகு வளைய, மூச்சை இழுத்து இழுத்து. தாலாட்டு நின்றுபோனது. சரிவில் இரண்டு தீயும் ஒன்றைப் பார்த்து ஒன்று ஓடின, சேருகிற இடத்தில் இரண்டும் எழும்பி ஒரே சுவராக மேலே போய், அதற்கு மேல் தின்ன ஒன்றுமில்லாமல் அப்படியே இறங்கின. இருபது நிமிடம் ஆகியிருக்கும். பிறகு கருப்பும் புகையும், அங்கங்கே கட்டைகளும்தான்.

யாரும் கொண்டாடவில்லை. எல்லோரும் மேற்கே பார்த்துக்கொண்டு நின்றோம். புகை விலகியபோது, போன மாதம் எரிந்த பழைய கருப்புக்கு நடுவில் என் வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார். வலது கை மேலே தூக்கியிருந்தது. இடது கை முழங்கை வரை வெந்திருந்தது. பேரைக் கூப்பிட்டபோது அவருக்குக் கேட்டிருக்கிறது, பதிலும் சொல்லியிருக்கிறார், பத்தொன்பது நாளாக ஊரே எப்படிப் பதில் சொன்னதோ அப்படி. புகைக்குள் கையைத் தூக்கினால் யாருக்குத் தெரியும் என்று அவருக்குத் தோன்றவில்லை. சடையாண்டி அண்ணன் பாறையை விட்டு இறங்கி வந்து அவருக்குப் பளாரென்று ஒரு அறை விட்டார், பிறகு தன் துண்டை நனைத்து அவர் கையில் சுற்றினார்.

ஷகிலா அக்கா வெந்த கையைக் கழுவிக் கட்டுப் போட்டு, கீழே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொன்னார். மதிய பஸ்ஸில் போகலாம் என்று வீட்டுக்கு வந்தோம். மற்ற ஆறு பேரும் கருப்புக்குள்ளேயே இருந்தார்கள், புறங்கையால் ஒவ்வொரு கட்டையையும் தொட்டுப் பார்த்து, சூடு இருந்த இடத்தில் மண்ணைப் போட்டு மூடிக்கொண்டு. அணைந்த தீயை இரண்டு நாளைக்கு நம்பக் கூடாது.

அமலி விழித்தே இருந்தாள். இரண்டு தரம் பால் குடித்தாள், முழுங்கினாள், சத்தம் கேட்டது. என் வீட்டுக்காரர் அவளை மடியில் வாங்கிக்கொண்டார். பாவாடையை விலக்கித் தொடையைப் பார்த்தார். மூன்று இடத்தில் நீலமாகியிருந்தது.

"நான் உள்ள இருக்கேன்னு தெரிஞ்சுதான் கிள்ளுனியா?"

"ஆமா."

"அக்கா தடுத்துச்சாம்."

"தடுத்தாங்க."

அவர் நீலத்தை மறுபடி குனிந்து பார்த்தார். பிறகு, "எண்ணெய் கொண்டா," என்றார். தேங்காயெண்ணெய் கொண்டுவந்தேன். வெந்துபோகாத கையின் ஒரு விரலால் தொட்டு, மூன்று நீலத்திலும் தனித்தனியாகத் தடவினார். ரொம்ப நேரம் தடவினார். அவர் என்னை மன்னித்தாரா என்று தெரியவில்லை, மன்னிக்கச் சொல்லி நானும் கேட்கவில்லை.

தடவிக்கொண்டிருக்கும்போதே அமலியின் கண் சொருகியது. அவர் விரலை எடுத்தார். தலை அவர் நெஞ்சில் சரிந்தது. தூங்கிவிட்டாள்.

வெளியே எங்கள் வாசலில் ஆட்கள் வந்து நின்றார்கள். யாரும் கூப்பிட்டு வரவில்லை. தவமணி கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பதினொன்றரை ஆனது. பன்னிரண்டு ஆனது. பஸ் வந்து, எஞ்சினை அணைக்காமல் நின்று, ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அமலி அசையவில்லை. அவர் மூச்சை அடக்கி அவள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"எழுப்பட்டா?" என்றார்.

என் நகத்தைப் பார்த்தேன். "வேண்டாம்," என்றேன். "பசிச்சா எந்திரிப்பா."

காத்திருந்தோம். ஒரு மணி தாண்டியது. இரண்டாகப் பத்து நிமிடம் இருக்கும்போது அவளுக்குப் பசித்தது.